ஒரு கிழமை ஓடிப்போட்டுக் கொண்டு வாரும்

தாம்போதியின் நடுவில் வரும்போது சாமான் பையை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றினேன். அது மூன்றாவது தடவை. பைக்குள் நட்டு இறுக்குகிற சாவிகள், ஒரு சுத்தியல், இரண்டு போல்ட், எண்ணெய்த் துணியில் சுற்றிய இரண்டு இரும்பு ஆப்புகள். வேலணை பின்னால் போய்விட்டது, புங்குடுதீவு இன்னும் வரவில்லை. இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்தில் கடல். குறிகட்டுவான் பஸ் என்னைத் தாண்டிப் போய் ஐந்து நிமிடம் இருக்கும். கை காட்டினேன். றைவர் காணவில்லை, அல்லது கண்டும் நிற்கவில்லை. அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. இருந்த கோபத்தையெல்லாம் அன்று காலை கராஜிலேயே செலவழித்துவிட்டு வந்திருந்தேன்.

இப்போது எனக்கு வேலை இல்லை. வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. வாகனத்துக்குக் கீழே படுத்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். ஆனபடியால் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு எழுதுவதுதான் மிச்சம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். வவுனியா, மன்னார், தம்புள்ளை, ஓமானில் ஒரு கல் குவாரி, பிறகு திரும்பவும் தீவுப்பகுதி. ஓரிடத்திலும் ஏழு வருடம் முழுதாக நின்றதில்லை. சில இடங்களை நான் விட்டேன், சில இடங்களில் என்னை விட்டார்கள், இரண்டு இடங்களில் சண்டை வந்து எல்லாரும் ஓடினோம். இடது கையில் இரண்டு விரல் நுனி இல்லை. வவுனியாவில் ஒரு லொறி ஸ்பிரிங் எடுத்துக்கொண்டது. இவற்றில் எனக்குப் பெருமையும் இல்லை, கவலையும் இல்லை. என் பெருமை வேறு. நாற்பது வருடத்தில் நான் பூட்டி அனுப்பிய எந்த வாகனமும் ஆளைக் கொன்றதில்லை. ஒன்று கிட்டப் போனது. அந்த ஒன்றைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் தாம்போதியில் நடந்த அந்த நாளுக்கு மூன்று கிழமைக்கு முன்னர் நெடுந்தீவிலிருந்து யோகன் என்பவர் ஒரு பழைய ஜீப்பை எங்கள் வேலணைக் கராஜுக்குக் கொண்டு வந்தார். நாற்பது வயதுக்குள்தான். முன்பு குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் பயணிகள் போட் ஓட்டியவர். பிறகு ஜீப் வாங்கித் தீவுக்குள் ஆட்களை ஏற்றி இறக்கினார். கட்டடச் சாமான் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய ஒரு பெரிய படகில் ஜீப்பை ஏற்றி வந்திருந்தார். அந்தப் படகு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.

"உயர்த்தித் தாங்கோ அண்ணை. நாலு விரல் காணும்," என்றார்.

"வடிவுக்கோ?"

"தங்கச்சிக்கு."

தங்கச்சியின் பெயர் கலா. முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள். சிறுநீரகம் பழுதாகி, திங்களும் வியாழனும் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். வீடு தீவின் மேற்குப் பக்கம், இறங்குதுறை கிழக்குப் பக்கம். நடுவில் கிடப்பது றோட்டு என்று பெயர் வைத்த கல்லு. மாரியில் அதன்மேல் தண்ணீரும் நிற்கும். ஒருநாள் ஒரு கல் ஜீப்பின் அடிவயிற்றைக் கிழித்து எண்ணெய் எல்லாம் ஊற்றுண்டு போனது. அன்றைக்கு முதல் போட் அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கலாவுக்கு மூச்சு எடுக்க ஏலாமல் இருந்ததாம். ஆஸ்பத்திரி வாகனத்தை அவசரத்துக்குக் கேட்கலாம், கிழமையில் இரண்டு நாள் விடியக் காலமை கேட்க ஏலாது.

உயர்த்தினோம். முன் ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு தொடுக்கிற தொங்கு பட்டைகளை நீளமாக்கினோம். பின்னுக்கு ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து, இரண்டையும் சேர்த்துக் கட்டுகிற யூ போல்டுகளை நீளமாகப் போட்டோம். முன் பட்டையை நீட்டினால் முன் அச்சு சரியும். சரிந்தால், திருப்பிய ஸ்டியறிங் தானாக நேருக்கு வராது. அச்சை நிமிர்த்த ஸ்பிரிங்குக்குக் கீழே ஆப்பு வைக்க வேண்டும். இதை முதலாளியிடம் சொன்னேன்.

"நாலு விரலுக்கு ஆப்பு என்னத்துக்கு?" என்றார் முதலாளி.

நான் வாயை மூடிக்கொண்டேன். அது என் பிழை. ஆனால் மனதுக்குள் அதை முதலாளியின் பேரில் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஜீப் வெளிக்கிடும்போது, ஸ்பிரிங் வேலை செய்து அனுப்பிய எல்லாரிடமும் சொல்லி வந்த அதே வசனத்தை யோகனிடமும் சொன்னேன்: "ஒரு கிழமை ஓடிப்போட்டுக் கொண்டு வாரும். திரும்ப ஒருக்கா இறுக்கி விடுறன்."

"ஓம் அண்ணை," என்றார்.

இரண்டு பேரும் சிரித்த முகத்தோடுதான் பிரிந்தோம்.

நாலாம் நாள் ரெலிபோன் வந்தது. "சுக்கான் பிடிக்குதில்லை அண்ணை. அணியம் தன்ர பாட்டில அலையுது."

முதலாளி ரெலிபோனை வாங்கினார். "ஐசே, நீர் ஜீப் ஓட்டுறீரோ, போட் ஓட்டுறீரோ? உயர்த்தின வாகனம் குலுக்கும்தான். பழகும்."

"குலுக்குது எண்டு நான் சொல்லேல்லை. அலையுது எண்டனான்."

"ரெண்டும் ஒண்டுதான்."

இரண்டும் ஒன்றல்ல, தம்பிமாரே. குலுக்கினால் இடுப்புத்தான் நோகும். அலைந்தால் ஆள் சாகும். வயல்காரனும் லொறிக்காரனும் கடல்காரனும் ஒரே பழுதுக்கு ஒவ்வொரு சொல் வைத்திருப்பார்கள். உங்கள் சொல்லுக்கு அவர்களின் பழுதை மாற்றாதீர்கள். போட்டின் முன்பக்கமான அணியம் அலைவது என்றால் என்னவென்று நெடுந்தீவுப் போட்டில் ஒருமுறை வாந்தி எடுத்தவனுக்குத் தெரியும். யோகன் சொன்னதிலிருந்தே அது முன் அச்சு என்று எனக்கு விளங்கிவிட்டது. ஆப்பு இல்லாத குறைதான்.

மூன்றாவது தடவை ரெலிபோன் வந்தது ஒரு புதன்கிழமை காலை. ஞாயிற்றுக்கிழமை கலாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் வரும் வழியில் ஜீப் தன்பாட்டில் விலகி, கல்வேலியில் உரஞ்சி நின்றிருக்கிறது. பார்த்த சனம் அதன்பிறகு ஏறுவதில்லை. திங்கட்கிழமை கலாவை லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதன் குலுக்கத்தில் இரத்தம் சுத்திகரிக்க அவவின் நெஞ்சில் பூட்டியிருந்த குழாய் இழுபட்டு இரத்தம் கசிந்திருக்கிறது. இனி அப்படிக் கொண்டு வரவேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"நாளைக்கு வியாழன் அண்ணை," என்றார் யோகன். 

"வாகனத்தைக் கொண்டு வரச் சொல்லும்," என்றார் முதலாளி. "கடல் கடந்த வாகனத்துக்கு நான் பொறுப்பில்லை."

"எதில கொண்டு வாறது?" என்றேன்.

"அது என்ர பிரச்சினை இல்லை."

இரண்டு ஆப்பை எடுத்துத் துணியில் சுற்றினேன். ஆப்பின் தடிப்புக்கு ஏற்ற, முன் ஸ்பிரிங்குக்கான நீளப் போல்ட் இரண்டையும் எடுத்தேன்.

"இப்ப போனீர் எண்டா நாளைக்கு வரவேண்டாம்."

"சரி," என்றேன்.

ஆறு வருடம் அப்படி முடிந்தது. தாம்போதியில் நடக்கும்போது எனக்கு ஒரு துக்கமும் இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன். நான் சொன்னது சரி, முதலாளி சொன்னது பிழை, அதை நிரூபிக்கிற இரண்டு இரும்புத் துண்டு தோளில் கிடந்தது. புங்குடுதீவுக்குள் ஏறியதும் ஒரு மீன் லொறி நின்றது.

"எங்க, நடந்து நெடுந்தீவுக்கோ?" என்றான் றைவர்.

"கடல் வரைக்கும் நடப்பம் எண்டு வந்தனான். பிறகு யோசிக்கலாம்."

சிரித்துக்கொண்டு கதவைத் திறந்தான். மத்தியானப் போட்டைப் பிடித்தேன்.

நெடுந்தீவு இறங்குதுறையில் யோகன் ஜீப்போடு நின்றார். பின்னுக்கு, இருக்கையைக் கழற்றிப் பாய் விரித்த இடத்தில், கலா குடையோடு இருந்தா. ஆப்போடு வாறன் என்று நான் ரெலிபோனில் சொன்னதைக் கேட்டு, ஊர்ந்து வந்த ஜீப்பில் தானும் ஏறி வந்திருந்தா.

"இவரோ ஆப்பு அண்ணை?" என்று தமையனைக் கேட்டா. "ரெலிபோனில குரல் தடிப்பா இருந்தது. ஆள் வத்தலா இருக்கிறார்."

"போட்டில பாதி போயிட்டுது பிள்ளை," என்றேன்.

நானே மெதுவாக ஓட்டினேன். முதல் வளைவிலேயே தெரிந்தது. திருப்பிய ஸ்டியறிங் திருப்பின இடத்திலேயே நின்றது, கையால் கொண்டு வந்து நேராக்க வேண்டியிருந்தது. எனக்குச் சந்தோஷம். பழுது கண்டால் சந்தோஷப்படுகிற சாதி நாங்கள். வீட்டு முற்றத்தில் ஜக் வைத்துத் தூக்கி, முன் ஸ்பிரிங் இரண்டுக்கும் கீழே ஆப்பை ஏற்றி, பழைய போல்டைக் கழற்றி நீளமானதைப் போட்டு, சில்லு நிலத்தில் பாரத்தோடு நிற்கும்போது எல்லாவற்றையும் இறுக்கினேன். அந்தரத்தில் தொங்கவிட்டு இறுக்கினால் றப்பர் முறுகிப்போகும், அது உங்களுக்குத் தெரிந்ததுதான். பிறேக் குழாய் எட்டுகிறதா என்றும் பார்த்தேன். எட்டியது.

யோகன் ஒழுங்கை முனைவரை ஓடிப்போய் வந்தார். இறங்கும்போது முகம் மாறியிருந்தது. "சுக்கான் பிடிக்குது அண்ணை. கைய விட்டாலும் நேருக்கு வருது."

கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். முதலாளிக்கு ரெலிபோன் எடுத்து இரண்டு சொல் கதைப்போமோ என்றுகூட நினைத்தேன். நல்ல வேளை, எடுக்கவில்லை.

கலா வாசலில் கதிரை போட்டு இருந்தபடி கேட்டா. "அப்ப டக் எண்டு கேட்டதோ?"

"என்ன டக்?" என்றார் யோகன்.

"கேக்கேல்லை எண்டா நீங்கள் மெதுவா ஓடியிருக்கிறியள். நான் படுத்துக்கொண்டு போறனான். என்ர இடது காதுக்கு நேர கீழ முதல் டக் எண்டும். பிறகு பின்பக்கம் வால் அடிக்கும். அதுக்குப் பிறகுதான் நீங்கள் சுக்கானைப் பிடிச்சுக்கொண்டு கத்திறது."

"நீ எனக்குச் சொல்லேல்லையே."

"சொன்னனான். 'வாயைப் பொத்து, றோட்டைப் பாக்க வேணும்' எண்டனீங்கள்."

இதைக் கவனியுங்கள். மூன்று ரெலிபோனிலும் பேசியது றைவர். அவர் கையில் ஸ்டியறிங் இருந்தபடியால் அவருக்கு எல்லாப் பழுதும் ஸ்டியறிங்கில்தான் தெரிந்தது. நானும் அவரைத்தான் கேட்டேன். பின்னுக்குப் படுத்திருந்தவவை ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஜீப்பில் அதிக நேரம் காதை இரும்பில் வைத்துப் போன ஆள் அவதான்.

"என்னை ஏத்திக்கொண்டு ஓடிப் பாருங்கோ," என்றா கலா.

"உம்மை ஏத்த ஏலாது," என்றேன். ஏறி நானே அந்தப் பாயில் படுத்தேன். இடது காதைத் தகட்டில் வைத்தேன். "கலா போகேக்க ஓடுற வேகத்திலயே ஓடும்," என்று யோகனுக்குச் சொன்னேன்.

ஒழுங்கை தாண்டி, கல் குமிந்து கிடக்கிற துண்டு வந்தது. டக். காதுக்கு நேர கீழே. அடுத்த கணம் ஜீப்பின் பின்பக்கம் ஒரு பக்கமாக நகர்ந்ததை முதுகு உணர்ந்தது. அப்போதைக்கு முப்பது வருடம் வாகனத்துக்குக் கீழே படுத்தவன் நான், மேலே படுத்து ஒரு பழுதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பயமாக இருந்தது. நோயாளியாக அதில் படுத்துப் போவது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது.

கீழே இறங்கிப் படுத்தேன். பின் இடது யூ போல்டின் நட்டில் சாவியை வைத்தேன். ஒழுங்காக இறுகிய நட்டு முதலில் முனகும். இது முனகவில்லை. ஒரு சுற்று முழுதாக, வெறும் கையால் போலச் சுற்றிக்கொண்டு வந்தது. கட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் சிவந்த தூள். அச்சு தன் இடத்திலிருந்து ஒரு விரல் பின்னுக்குப் போயிருந்தது. ஸ்பிரிங் தகடுகளின் நடுவில் குத்தி நின்று அச்சை இடம் மாறவிடாமல் பிடிக்கிற சென்டர் போல்ட் அறுந்து இரண்டு துண்டாகக் கிடந்தது. கல்வேலியில் உரஞ்சியதற்குக் காரணம் ஆப்பு மட்டுமல்ல. பெரிய காரணம் இதுதான்.

அந்த நட்டுகளை இறுக்கியது முதலாளி அல்ல. நான். அன்றைக்கு வடிவாகத்தான் இறுக்கினேன். ஆனால் புதிய இரும்பு எப்படி இறுக்கினாலும் பாரம் ஏறி ஓடி, தன் இடத்தில் அமரும். அமர்ந்ததும் நட்டு இளகும். அதற்காகத்தான் ஒரு கிழமையில் திரும்ப இறுக்குவது. அதற்காகத்தான் அந்த வசனம்.

வெளியே வந்தேன். கலா என் முகத்தைப் பார்த்தா.

"ஒரு கிழமை ஓடிப்போட்டுக் கொண்டு வாரும் எண்டு அண்ணாவுக்குச் சொன்ன ஆள் நீங்களோ?"

"ஓம்."

"எதில கொண்டு வாறது எண்டு யோசிச்சனீங்களோ?"

அன்று காலை நான் முதலாளியிடம் கேட்ட அதே கேள்வி. கேட்டுவிட்டு அதற்காகத் தாம்போதி முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அந்தக் கேள்வியை மூன்று கிழமைக்கு முன்னர் என்னிடம் நானே கேட்டிருக்க வேண்டும். வேலணைக்காரனுக்கும் ஊர்காவற்றுறைக்காரனுக்கும் அந்த வசனம் சரி, அவர்கள் கொண்டு வருவார்கள். நெடுந்தீவுக்காரனுக்கும் எழுவைதீவுக்காரனுக்கும் அதையே சொன்னால், 'நீ செத்துப்போ' என்று சொன்னதுதான். தீவில் பிறந்து தீவில் வேலை செய்கிற நாங்கள்தான் நடுவில் கடல் கிடப்பதை மறந்து கதைக்கிறோம். யோகனும் 'ஓம் அண்ணை' என்று சொன்னார். மரியாதைக்குச் சொன்ன ஓம் அது. வாடிக்கையாளரின் ஓமை நம்பாதீர்கள்.

"யோசிக்கேல்லை," என்றேன்.

"சரி, இப்ப யோசியுங்கோ," என்றா. "காலமை ஆறு மணிக்குப் போட்."

மணி நாலரை. அறுந்த போல்டுக்குப் பதில் போல்ட் இல்லை. முன் ஸ்பிரிங்கில் கழற்றிய பழைய போல்டை வைத்துப் பார்த்தேன், பின் ஸ்பிரிங்கில் தகடு கூட, போல்ட் இரண்டு விரல் நீளம் காணாது.

"யூ போல்டை இறுக்கிவிட்டாக் காணும்தானே அண்ணை," என்றார் யோகன். "நாளைக்கு ஒரு நாள். ஜெற்றி வரைக்கும்தானே."

இப்படியான இடத்தில்தான் தொழில் தெரிகிறது. இறுக்கினால் பிடித்திருக்கும். பெரும்பாலும் பிடித்திருக்கும். யோகன் கெஞ்சுகிறார், பொழுது போகிறது, பிழை செய்தவன் நான், கெதியாக எல்லாம் சரி என்று சொல்லிவிட மனம் பறக்கிறது. நீங்கள் பிழை விட்டிருக்கும்போது உங்கள் வாயிலிருந்து வருகிற 'பரவாயில்லை'யை நம்பவேண்டாம். அது வாகனத்துக்காக வருவதில்லை, உங்களுக்காக வருவது.

"ஏலாது," என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வெல்டிங் வைத்திருந்தார். "ரெண்டு பொட்டு அடிச்சா அச்சு அசையாது," என்றார். ஸ்பிரிங் தகட்டில் வெல்டிங் சூடு ஏறினால், அந்த இடத்தில் அது கண்ணாடி. அதற்கும் ஏலாது என்றேன். இரண்டு ஏலாது சொன்ன பிறகு அந்த முற்றத்தில் என்னை ஒருவரும் விரும்பவில்லை.

அப்போது றோட்டில் குடிதண்ணீர்ப் பவுசர் போனது. ட்ராக்டரின் பின்னால் பெரிய தாங்கி பூட்டிய ட்ரெயிலர். ட்ரெயிலருக்கு ஸ்பிரிங் இருந்தது. ஓடிப்போய் மறித்துக் குனிந்து பார்த்தேன். அதன் சென்டர் போல்டும் அதே தடிப்பு, நீளமும் காணும்.

பவுசர்காரர் குணம் ஐம்பது வயது தாண்டியவர். மேற்குப் பக்கத்து வீடுகளுக்குத் தண்ணீர் கொடுப்பவர். நான் சொன்னதை முழுதும் கேட்டார்.

"என்ர போல்டைக் கழட்டி ஜீப்புக்குப் போட்டா, நாளைக்குச் சனம் எதைக் குடிக்கிறது? உம்மட கிறீஸையோ?"

"பத்து மணிக்கு முன்னம் வேற போல்ட் பூட்டித் தருவன்."

"எங்காலை வரும்?"

"காலமைப் போட்டில."

"ஆர் அனுப்புறது?"

அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, முதலாளிக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"ஆப்பு வேலை செய்ததோ?" என்றார் எடுத்த எடுப்பில்.

"செய்தது."

"அப்ப என்னத்துக்கு எடுக்கிறீர்?"

"பின் யூ போல்ட் இளகி சென்டர் போல்ட் அறுந்திட்டுது. நான் இறுக்கினது."

 கராஜில் யாரோ தகடு தட்டுவது கேட்டது.

"எத்தினை நீளம்?" என்றார்.

சொன்னேன். வைத்துவிட்டார்.

குணம் இன்னும் இறங்கவில்லை. "காலமை நீர் அந்தப் போட்டிலயே ஏறிப் போயிட்டா?"

தோளிலிருந்த சாமான் பையைக் காட்டினேன். "வேலை முடிய இது உம்மட வீட்டில கிடக்கட்டும்."

அந்தப் பை என்னோடு ஓமான் வரைக்கும் போய் வந்தது. குணம் அதன் பாரத்தைக் கையால் தூக்கிப் பார்த்தார். பிறகு ட்ராக்டரை நிற்பாட்டினார்.

போல்டைக் கழற்றி ஜீப்புக்குப் போட்டு, அச்சைத் தன் இடத்துக்கு இழுத்து, யூ போல்டுகளை மாறி மாறி மூலைக்கு மூலை இறுக்கினேன். பிறகு ஒரு கிழமையை ஒரு பின்னேரத்துக்குள் ஓட்டினோம். பாயைச் சுருட்டிவிட்டு, குணத்தின் தண்ணீர் நிரப்பிய பரல்களைப் பின்னுக்கு ஏற்றி, அதே கல்லுத் துண்டில் யோகனை ஓடச் சொன்னேன். வந்ததும் இறுக்கினேன். அரைச் சுற்று எடுத்தது. திரும்ப ஓட்டம். கால் சுற்று. திரும்ப ஓட்டம். பொழுதுபடும் நேரம் நாலாம் தரம் சாவியை வைத்தேன். நட்டு முனகியது, அசையவில்லை. பரல்களை இறக்கினோம். குணம் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

விடிய ஐந்து மணிக்கு நான் முன்னுக்கு ஏறப் போனேன்.

"அங்க இல்லை," என்றா கலா. "இங்க வாங்கோ. என்னோட பின்னுக்கு."

"ஏன்?"

"டக் எண்டா ரெண்டு பேருக்கும் கேக்கட்டும்."

அவவின் பாய்க்குப் பக்கத்தில் குந்தினேன். அவ ஒரு கையால் நெஞ்சுக் குழாயைப் பொத்திக்கொண்டு இடது காதைத் தகட்டில் வைத்தா. கல்லுத் துண்டு வந்தது. அவ கண்ணை மூடினா. நான் மூடவில்லை. தாண்டினோம். யோகன் கொஞ்சம் வேகம் எடுத்தார்.

ஒரு திருப்பத்தில் கல்வேலிக்கு அப்பாலிருந்து, தீவில் கட்டாக்காலியாகத் திரிகிற குதிரைகளில் ஒன்று றோட்டுக்கு ஏறி நடுவில் நின்றது. எங்களைப் பார்த்துவிட்டும் நின்றது. யோகன் பிறேக்கை முழுதாக மிதித்தார். இளகிய பின் அச்சு என்றால் இந்த இடத்தில் ஜீப் பக்கவாட்டில் போய் வேலியில் ஏறியிருக்கும். நான் தகட்டைப் பிடித்தேன், பிடிக்க நுனி இல்லாத விரல்களும் பிடித்தன. ஜீப் கோடு போட்டது போல நேரே போய், குதிரைக்கு ஒரு ஆள் நீளம் முன்னால் நின்றது.

டக் இல்லை.

குதிரை கொஞ்ச நேரம் நின்று, விருப்பமான நேரத்தில் இறங்கிப் போனது.

"அண்ணை," என்றா கலா, காதை எடுக்காமல். "மூச்சை விடுங்கோ. நாந்தான் வருத்தக்காரி."

யோகன் ஸ்டியறிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். சிரிப்போ அழுகையோ, பின்னாலிருந்து பார்க்க எனக்குத் தெரியவில்லை.

போட்டில் அவவை ஏற்றும்போது, அதற்கு முதல்நாள்வரை ஜீப்பில் ஏற மறுத்த இரண்டு ரீச்சர்மார் யோகனைக் கேட்டார்கள்: "பின்னேரம் இறங்கேக்க நீரோ வருவீர்?" யோகன் "ஓம்" என்றார். அந்த ஓமை நான் நம்பினேன்.

போட் போனது. நான் இறங்குதுறையில் இருந்தேன். குறிகட்டுவான் பக்கமிருந்து வந்த போட்டில் ஒரு பேப்பர்ப் பொட்டலம் என் பேர் போட்டு வந்தது. ஒரு போல்ட் கேட்டிருந்தேன், இரண்டு அனுப்பியிருந்தார் முதலாளி. நாலு புது நட்டும் இருந்தது. கடிதம் ஒன்றும் இல்லை. அவர் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை, நானும் வாசிக்கிற ஆள் இல்லை. அதுவே போதுமாக இருந்தது.

குணத்தின் வளவுக்குப் போக ஒன்பது மணி. பவுசர் நின்றது. அதற்கு முன்னால் என் சாமான் பை ஒரு கதிரையில் விருந்தாளியைப் போல இருந்தது. பக்கத்தில் வாளிகளோடு நாலைந்து பெண்கள், இவன் எப்போது முடிப்பான் என்ற முகத்தோடு.

போல்டைக் கையில் வாங்கிப் பார்த்தார் குணம். "இதைப் பூட்டிப்போட்டு, திரும்ப இறுக்க எத்தினை நாளால வேலணைக்குக் கொண்டு வரவேணும்?"

"கொண்டு வர வேண்டாம்," என்றேன். "அடுத்த வியாழன் நான் வாறன்."

பையைத் திறந்து சாவியை எடுத்துக்கொண்டு பவுசருக்குக் கீழே படுத்தேன்.